றெஜியின் பெயரைச் சுற்றி ஒரு வட்டம்

நம் உதைபந்தாட்டக் கழகத்தின் பொருட்கள் அறைச் சாவி இப்போது உங்கள் மூன்று பேரிடமும் இருக்கிறது. நல்லது. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். நீங்கள் கணினியில் எல்லாம் வைத்திருக்கிறவர்கள். வலை கட்டுவது எப்படி, ஈரமான புல்லில் கோடு போடுவது எப்படி என்று நான் எழுதப்போவதில்லை. அது இரண்டு சனிக்கிழமையில் கைக்குப் பழகிவிடும். கைக்குப் பழகாத ஒன்றைத்தான் எழுத உட்கார்ந்தேன். கோபம் ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று நான்கு வருடம் பார்த்தேன். ஆறவில்லை. ஆகவே சூட்டோடேயே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என்னைப் பற்றி ஒன்று. நான் கவலைக்காரன். அடுப்பை அணைத்தேனா என்று பார்க்க பஸ் தரிப்பிலிருந்து திரும்பி வீட்டுக்கு ஓடுகிற ஆள். வலையின் முடிச்சுகளை மூன்று தரம் எண்ணுவேன். ஆட்டக்காரர்களின் அடையாள அட்டைகளைப் பையில் வைத்துவிட்டு, வழியில் நின்று பையைத் திறந்து பார்ப்பேன். கவலைப்படுவதற்கும் ஒரு சம்பளம் தந்திருந்தால் நாங்கள் எப்போதோ புறநகர் டொலார்ட்டில் வீடு வாங்கியிருக்கலாம் என்று என் மனைவி சொல்லுவாள். வீடு வாங்கவில்லை. கவலை மட்டும் நிறையச் சேர்ந்தது.

ஒரு ஜூன் மாதத்து ஆட்டத்தில் மேற்குப் பக்கம் ஒரு மின்னல் தெரிந்தது. தூரத்து மின்னல். நடுவர் கண்டுகொள்ளவில்லை. மூலைக் கொடியைப் பிடுங்கிக்கொண்டு மைதானத்துக்குள் ஓடினேன். எல்லாரும் வெளியே வாருங்கள் என்று தமிழில் கத்தினேன். பிரெஞ்சு அந்த நேரம் வாயில் வரவில்லை. எதிரணி சிரித்தது, எங்கள் அணியும் சிரித்தது. நடுவர் எனக்கு எச்சரிக்கை எழுதினார். ஒருவன் மட்டும் உடனே கையுறையைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தான். எங்கள் கோல்காப்பாளன் றெஜி. அவன் வந்ததால் மற்றவர்களும் வந்தார்கள். அரை மணித்தியாலம் நின்றோம். மழையும் இல்லை, மின்னலும் இல்லை. அன்றிலிருந்து எனக்குப் பட்டம் மெத்தேயோ. பிரெஞ்சில் வானிலை அறிக்கை. ஒருநாள் ஆட்டக்காரர்கள் அதைச் சொல்லிச் சிரித்தபோது றெஜி சொன்னான், "ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லைத்தானே. அப்ப அண்ணை செய்தது சரி."

அவனைத்தான் நான் விற்றேன். பணத்துக்கு இல்லை. பயத்துக்கு.

இந்தக் கழகம் எப்படி வந்தது என்று உங்களில் ஒருவருக்கும் சரியாகத் தெரியாது என்று நினைக்கிறேன், ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். மொன்றியல் நகரத்தில் நம் பகுதியான பார்க் எக்ஸ்டென்ஷனுக்கு நான்கு எல்லை. இரண்டு பக்கம் தண்டவாளம், வடக்கே பெருஞ்சாலை, மேற்கே ஒரு வேலி. வேலிக்கு அப்பால் பெரிய வீடுகள், பெரிய மரங்கள். வேலிக்கு இப்பால் நாங்கள். இந்த நாலெல்லைக்குள் கழகத்தைத் தொடங்கியவர்கள் ஸ்பெயினின் வடக்கிலிருந்து வந்த பாஸ்க் நாட்டுக்காரர் சிலர். துறைமுகத்திலும் தையல் தொழிற்சாலைகளிலும் வேலை செய்தவர்கள். அதில் மூத்தவரைத்தான் நாங்கள் பெரியவர் என்போம். அவருடைய ஊரில் ஆற்றுக்கு மேலே மலைச்சரிவில் ஒரு குறிச்சி, கப்பல் கட்டுகிறவர்களின் குறிச்சி. அதற்கு ஒரு சின்னக் கழகம். சொந்த மைதானம் கூட இல்லை. ஆனால் அந்தக் குறிச்சியில் வாழ்கிறவன் மட்டும்தான் அதன் சட்டையைப் போடலாம். வெளியிலிருந்து கெட்டிக்காரனைக் கூட்டி வந்தால் வெல்லலாம். ஆனால் நம் தெருப் பையன் ஆடாமல் வெளியே வாங்கில் உட்கார வேண்டி வரும். அது கூடாது. இதுதான் அவர்களின் சட்டம்.

அதே சட்டத்தை அவர் இங்கேயும் வைத்தார். முதலில் பாஸ்க் ஆட்கள் ஆடினார்கள். பிறகு கிரேக்கர், பிறகு ஹெய்ட்டிக்காரர், பிறகு நாங்கள், பங்களாதேஷ்காரர், பஞ்சாபியர். என்ன மொழி என்று பெரியவர் ஒருவரையும் கேட்டதில்லை. எந்தத் தெருவில் படுக்கிறாய் என்றுதான் கேட்டார்.

இன்னொரு வழக்கமும் அவர் கொண்டுவந்ததுதான். ஆட்டப் பருவம் தொடங்குமுன் ஒரு சனிக்கிழமை காலை, ஜேர்சியைக் கழக ஆள் ஒருவர் நடந்துபோய் ஒவ்வொரு ஆட்டக்காரனுடைய கதவிலும் கையில் கொடுக்க வேண்டும். இங்கே வந்து வாங்கிக்கொள் என்று சொல்லக் கூடாது. கழகத்தின் பொருட்களைப் பார்க்கிற வேலைக்கு நான் சேர்ந்த வருடம், பொயின்ட்-கிளேர் புறநகரில் கிடங்கு வேலை போய் வெறுங்கையோடு இருந்த நேரம், ஏன் இந்த வீண் நடை என்று அவரிடம் கேட்டேன். அவர் ஊரில் வேலைநிறுத்தக் காலத்தில் வேலையில்லாதவன் கழகத்துக்கு வந்து சட்டை கேட்க வெட்கப்பட்டு வீட்டில் இருந்துவிட்டானாம். அதனால் சட்டை அவனைத் தேடிப் போயிற்றாம். கேட்டு வாங்குகிற பொருள் இல்லை அது என்றார். வேறு விளக்கம் அவர் தரவில்லை. நல்ல மனிதர் என்று சொல்ல மாட்டேன், சிடுமூஞ்சி. ஆனால் அந்த ஒன்றில் அவர் சரி.

அவர் செத்த பிறகு அவருடைய மருமகன் தலைவரானார். அப்போதுதான் நான் என் கவலையை அந்த வழக்கத்துக்குள் கொண்டுபோய் நுழைத்தேன். இருபத்திரண்டு ஜேர்சி, இருபத்திரண்டு கதவு. யாருக்குக் கொடுத்தேன், யாருக்குக் கொடுக்கவில்லை என்று மறந்துபோனால்? ஒரு கொப்பி வாங்கினேன். பெயர், முகவரி, கதவு திறந்தால் ஒரு சரி அடையாளம். ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை. நானாகவே செய்தேன். இரண்டு வருடத்தில் தலைவர் அந்தக் கொப்பியைக் கேட்டு வாங்கிப் பார்க்கத் தொடங்கினார். யார் இன்னும் குறிச்சிக்குள் இருக்கிறான் என்று அறிய அதைவிட நல்ல வழி இல்லை என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது என்று எழுத இப்போது கை கூசுகிறது. கொடுக்கப் போன நடை ஆள் பிடிக்கிற நடையாக மாறியது அங்கேதான். மாற்றியது நான்.

றெஜியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மன்னார்க்காரன், துறைமுகத்தில் கொள்கலன் லொறி ஓட்டுகிறவன். பதினேழு வருடம் எங்கள் கோலுக்கு முன்னால் நின்றான். கடைசி ஆறு வருடம் அணித்தலைவனும் அவன்தான். நான் சொல்ல வந்தது நடந்த வருடம், நான்கு வருடத்துக்கு முன், அவனுக்கு முப்பத்தெட்டு வயது. முழங்கால் இரண்டும் போய்விட்டது, இந்தப் பருவத்தோடு விடுகிறேன் என்று எல்லாரிடமும் சொல்லியிருந்தான். ஒரு கடைசிப் பருவம். அவன் கேட்டது அவ்வளவுதான்.

அந்த மே மாதச் சனிக்கிழமை நான் அவனுடைய தெருவுக்குப் போனேன். மொன்றியலின் எல்லாப் பழைய வீடுகளையும் போல வெளியே வளைந்த இரும்புப் படி. படியின் உச்சியில், தன் கதவுக்கு முன்னால், கையில் கோப்பிக் கோப்பையோடு றெஜி நின்றான். காலில் வீட்டுச் செருப்பு.

"வாங்கோ அண்ணை, வேளைக்கு வந்திட்டியள்," என்றான். "உள்ள கூப்பிடேலாமல் கிடக்கு. வீடு ஒரே குப்பை."

ஒவ்வொரு வருடமும் அவன் மனைவி எனக்குத் தேநீர் தருவாள். பலகாரம் இருக்கும். நான் மேலே பார்த்தேன். ஜன்னலில் திரை இல்லை. கண்ணாடியில் சுண்ணாம்புத் தூள். கதவில் சாவி வைக்கிற எண்பூட்டுப் பெட்டி ஒன்று தொங்கியது, கட்டட வேலைக்காரர் தொங்கவிடுவது. கீழே தெருவில் உடைத்த சுவர்களை அள்ளிப் போட்ட பெரிய இரும்புத் தொட்டி. அதற்குப் பின்னால் அவனுடைய கார். காரின் முன் இருக்கையில் அவனுடைய சப்பாத்து இரண்டும்.

அவன் காலையில் எங்கிருந்தோ கார் ஓடி வந்து, சப்பாத்தைக் கழற்றி, செருப்பு மாட்டி, வழியில் வாங்கிய கோப்பியைத் தன் கோப்பையில் ஊற்றி, தனக்குச் சொந்தமில்லாத கதவுக்கு முன்னால் எனக்காக நின்றிருக்கிறான். எனக்கு விளங்கியது. எனக்கு விளங்கியது என்று அவனுக்கும் விளங்கியது. ஜேர்சியைக் கொடுத்தேன். வாங்கினான். "மழை வருமோ அண்ணை?" என்று கேட்டான். பகிடிக்குத்தான் கேட்டான். நான் சிரிக்கவில்லை.

படி இறங்கி மூலைக்குப் போய்க் கொப்பியைத் திறந்தேன். சரி அடையாளம் போட்டால் பொய். போடாமல் விட்டால் அவனுக்கு ஜேர்சி கொடுக்கவில்லை என்று வரும். பேனையைப் பிடித்தபடி பத்து நிமிடமாவது நின்றிருப்பேன். ஒரு சின்னச் சரி. அவ்வளவுதான். போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருக்கலாம். நான் என்ன செய்தேன்? அவன் பெயரைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன். பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. பிறகு யோசிக்கலாம் என்று. என்னைப் போன்ற பயந்தாங்கொள்ளிகளின் கண்டுபிடிப்பு அந்த வட்டம்.

நாங்கள் கூடுவது தேவாலயத்தின் நிலவறை மண்டபத்தில். செவ்வாய்க்கிழமை நிர்வாக சபைக் கூட்டம். ஒன்பது பேர். நான் சபை உறுப்பினன் இல்லை, சம்பளத்துக்கு வேலை செய்கிறவன். ஓரத்துக் கதிரையில் இருப்பேன். தலைவர் கொப்பியைப் புரட்டினார். இது என்ன வட்டம் என்று கேட்டார்.

இந்த இடத்தைக் கவனமாக வாசியுங்கள். ஒன்றுமில்லை, கோப்பி சிந்திவிட்டது என்று நான் சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரியாது, அவனையே கேளுங்கள் என்றாவது சொல்லியிருக்கலாம். ஒன்பது பேர் என்னைப் பார்த்தார்கள். வேலை போய்விடும், ஐம்பத்தெட்டு வயது, எட்டாம் வகுப்பு, உடைந்த பிரெஞ்சு, யார் வேலை தருவான் என்று தலைக்குள் ஓடியது. எல்லாவற்றையும் சொன்னேன். கேட்காததையும் சொன்னேன். திரை, தூள், பூட்டுப் பெட்டி, தொட்டி. காலில் வீட்டுச் செருப்பு இருந்ததையும் சொன்னேன். செருப்பைச் சொன்னபோது இரண்டு பேர் சிரித்தார்கள்.

சட்டம் சட்டம்தான் என்றார் தலைவர். பெரியவர் இருந்திருந்தால் இதைத்தான் செய்திருப்பார் என்றும் சொன்னார். ஒன்பது கையும் உயர்ந்தது. ஜேர்சியைத் திருப்பி வாங்கி வரும்படி என்னை அனுப்பினார்கள்.

மெட்ரோவும் இரண்டு பஸ்ஸும் எடுத்து டொலார்ட்டுக்குப் போனேன். றெஜியின் மைத்துனர் வீட்டு நிலவறை. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் அவனும் ஒரே அறையில். வீட்டுச் சொந்தக்காரர் திருத்த வேலை என்று கடிதம் கொடுத்து வீட்டை விட்டு எழுப்பிவிட்டாராம். திருத்தி முடிந்ததும் இரண்டு மடங்கு வாடகை. மொன்றியல் முழுக்க ஜூலை முதலாம் திகதி வீடு மாறும். இவர்கள் பெப்ரவரிப் பனிக்குள் மாறியிருக்கிறார்கள். குறிச்சிக்குள் வேறு வீடு தேடி அலைந்திருக்கிறான். தன்னால் கொடுக்கக்கூடிய வாடகைக்கு ஒரு அறை கூட இல்லை.

ஜேர்சி ஏற்கனவே மடித்து ஒரு பையில் இருந்தது. யாரோ போனில் சொல்லியிருக்க வேண்டும். அவன் மனைவி அதை என் கையில் தந்துவிட்டு உள்ளே போனாள். தேநீர் இல்லை. எனக்குத் தேநீர் தந்திருந்தால் நான் அங்கேயே அழுதிருப்பேன்.

"அண்ணை, நான் பார்க் எக்ஸை விட்டுப் போகேல்லை," என்றான் றெஜி. "என்னைப் போக வைச்சவை. அது ரெண்டும் ஒண்டே?"

இல்லை என்றேன்.

"இதைச் சபையில சொன்னனீங்களோ?"

"இல்லை."

"என்ன சொன்னனீங்கள்?"

நான் ஜேர்சிப் பையை மற்றக் கைக்கு மாற்றினேன்.

"செருப்பைப் பற்றிச் சொன்னனீங்களாம்," என்றான். அவ்வளவுதான். பஸ் தரிப்பு வரைக்கும் என்னோடு நடந்து வந்தான், பஸ் வரும்வரை நின்றான். மன்னார்க்காரரின் மரியாதை. அது என்னை அடித்ததைவிட மோசம்.

இப்போது கணக்கைப் பாருங்கள். லீக்கின் ஆட்டக்காரர் பட்டியல் ஜூலை கடைசியில் மூடும். அதன் பிறகு ஒருவரையும் சேர்க்க முடியாது. இது கழகத்தில் ஒரே ஒருவனுக்குத்தான் சரியாகத் தெரியும். எனக்கு. பட்டியல் அனுப்புவது என் வேலை. அப்படியானால் மே மாதத்திலிருந்து ஜூலை வரை எனக்கு நேரம் இருந்தது. அந்தக் காலத்தில் எத்தனை கூட்டம் நடந்தது! ஒவ்வொரு கூட்டத்துக்கும் போகுமுன் கண்ணாடிக்கு முன்னால் நின்று பிரெஞ்சில் பாடமாக்கினேன். இந்தச் சட்டம் நம் ஆளை வைத்திருக்க எழுதியது, விரட்ட எழுதியதில்லை. ஒரு வசனம். கூட்டத்தில் வாய் திறக்கவில்லை. அடுத்த கூட்டத்தில் சொல்லலாம். அடுத்ததில். என் மனைவி கேட்டாள், "உங்களைக் கேக்கிறன், மின்னலுக்கு ஓடின மனிசன் எங்க போயிட்டுது?"

கோலில் ஒரு பங்களாதேஷ் இளைஞன் நின்றான். பாவம், அவன்மேல் பிழை இல்லை. றெஜி மைதானத்துப் பக்கமே வரவில்லை. ஜூலை முடிந்தது. பட்டியலை நானே அனுப்பினேன். அனுப்பு என்ற பொத்தானை என் விரல்தான் அழுத்தியது.

என்னை எழுப்பியது நல்ல மனம் என்று நினைக்காதீர்கள். ஆத்திரம். ஓகஸ்ட் முதல் வாரம் ஒரு ஆட்டம் முடிந்ததும் தலைவர் எல்லாரையும் கூட்டி, இனிமேல் என்னுடைய கொப்பி முறையையே அச்சடித்துக் கழக விதியாக்கப் போவதாகச் சொன்னார். என்னை முன்னுக்கு அழைத்தார். கைதட்டினார்கள். ஆட்டக்காரர்களும் தட்டினார்கள், மெதுவாக, என்னைப் பார்க்காமல். அந்தக் கைதட்டல் என் காதில் செருப்பால் அடித்தது போல் விழுந்தது. சரி, விதி என்றால் விதி என்று எனக்குள் ஏதோ ஒன்று திரும்பியது.

நிர்வாக சபையின் ஒன்பது பேரும் வருட ஆரம்பத்தில் ஒரு படிவம் நிரப்புவார்கள். அதில் முகவரி இருக்கும். ஒன்பது முகவரியும் நாலெல்லைக்குள். படிவக் கோப்பு என் அறையில். கழகம் அந்த வருடம் சபைக்கென்று மெல்லிய ஜாக்கெட் தைத்திருந்தது. அவை பெட்டியோடு என்னிடம் கிடந்தன. சனிக்கிழமை காலை ஒன்பது ஜாக்கெட்டையும் தோளில் போட்டுக்கொண்டு, புதுக் கொப்பியோடு, நடந்தேன்.

முதல் கதவில் ஒரு பஞ்சாபி அம்மா வந்தார். அந்தப் பெயரில் யாரும் இல்லை என்றார். இரண்டாவது ஒரு பல்கலைக்கழக மாணவர் வீடு, ஐந்து பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது சலவைக் கடை. நான்காவதில் சரியான ஆள், கிரேக்கக் கிழவர், உடுத்தபடி கதவைத் திறந்தார், ஜாக்கெட்டை வாங்கிப் போட்டுப் பார்த்தார். தலைவர் எழுதியிருந்த முகவரியில் ஒரு தெப்பானர் இருந்தது, பாலும் பீரும் விற்கிற மூலைக்கடை. மேலே வீடே இல்லை. கடைக்காரர் நம்ம ஆள், வல்வெட்டித்துறை. பெயரைச் சொன்னதும் சிரித்தார். "அவரோ? அவர் இருக்கிறது பொயின்ட்-கிளேரில அண்ணை. நீச்சல் குளம் இருக்கிற வீடு. இந்தக் கடை முந்தி அவையின்ர மாமாவின்ர."

எனக்கு அது முன்பே தெரியும். அந்த நீச்சல் குளத்தடியில் நடந்த விருந்துகளுக்கு ஒரு கோடை முழுக்கக் கழகக் கதிரைகளை ஏற்றி இறக்கியவன் நான்தான். தெரிந்துகொண்டே மே மாதம் வாய் மூடி இருந்தேன். ஒன்பது கதவில் இரண்டைத்தான் சரியான ஆள் வந்து திறந்தார்.

அடுத்த செவ்வாய் நான் ஓரத்துக் கதிரையில் உட்காரவில்லை. நின்றேன். கொப்பியை இரண்டு கையாலும் பிடித்தேன். பாடமாக்கிய வசனம் மறந்துவிட்டது. என் உடைந்த பிரெஞ்சில் ஒவ்வொரு பெயராக வாசித்தேன். பெயர், முகவரி, கதவைத் திறந்தது யார். சலவைக் கடை என்று வாசித்தபோது ஒருவர் சிரித்தார். அடுத்தது அவருடைய பெயர், அதோடு சிரிப்பு நின்றது. தலைவர், நிர்வாகம் வேறு, ஆட்டக்காரர் வேறு என்றார். ஆடுகிறவன் இந்தத் தெருவில் படுக்க வேண்டும், கை தூக்குகிறவன் எங்கேயும் படுக்கலாமா என்று கேட்டேன். ஏழு பேருக்கு ஒரு வட்டம் கூட நான் போடவில்லையே, ஏன் என்று கேட்டேன். அந்தக் கேள்வி எனக்குத்தான்.

கிரேக்கக் கிழவர் மேசையில் தட்டி, வாக்கெடுப்பு வை என்றார். குறிச்சியில் வாழ்ந்து ஆடியவன், வீட்டை விட்டு எழுப்பப்பட்டாலும் குறிச்சிக்காரனே என்று சட்டம் மாறியது. ஐந்துக்கு நாலு. தலைவர் கையைத் தூக்கினாரா இல்லையா என்று நான் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும்.

பிறகு அவர் என்னிடம் திரும்பி, கோபமில்லாமல், சரி, உன் ஆளைக் கூப்பிடு, இன்னும் நாலு ஆட்டம் இருக்கிறது என்றார்.

பட்டியல் மூடிவிட்டது என்றேன்.

எப்போது?

இரண்டு கிழமைக்கு முதல்.

இதை ஏன் நீ முன்பே சொல்லவில்லை, இது உன் வேலையல்லவா என்றார் அவர். பிறக்கும்போதே நியாயம் தன் பக்கம் என்று நினைக்கிற ஆள், ஆனால் அந்த ஒரு கேள்வியில் நியாயம் அவர் பக்கம்தான் இருந்தது. அதற்காக அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

திரும்பவும் மெட்ரோவும் இரண்டு பஸ்ஸும். றெஜி லொறியிலிருந்து இறங்கி வந்த உடுப்போடு வாசலில் இருந்தான். சட்டம் மாறியதைச் சொன்னேன். சந்தோசம் என்றான். அடுத்து வீட்டை விட்டு எழும்பப்போகிறவனுக்கு உதவும் என்றான். பிறகு கேட்டான், "பட்டியல் எப்ப மூடினது?"

சொன்னேன்.

"உங்களுக்குத் தெரிஞ்சிருந்தது."

"ஓம்."

"கதைச்சால் உங்களுக்கு என்ன செய்வினம் எண்டு பயந்தனீங்கள்?"

"வேலை போயிடும் எண்டு."

"போச்சுதோ?"

"இல்லை."

அவன் தலையை ஆட்டினான். என் தோளில் கையை வைத்தான். கையை எடுக்கும்போது வேறு யாரோ ஒருவருடைய கையைப் போல இருந்தது. அடுத்த வருடம் வா, எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். முழங்காலைத் தடவிக் காட்டினான்.

இதுதான் நான் சொல்ல வந்தது. எனக்கு ஒன்றும் நடக்கவில்லை. வேலை போகவில்லை. அதன் பிறகும் இரண்டு வருடம் அதே அறையில் இருந்து, ஒழுங்காக ஓய்வு பெற்றேன், கேக் வெட்டினார்கள். மே மாதத்திலிருந்து நான் பயந்த எதுவும் நடக்கவில்லை. நடந்தது எல்லாம் அவனுக்கு. உங்களுக்கும் பயம் வரும். பயப்பட வேண்டாம் என்று சொல்ல நான் யார்? பயந்துகொண்டே கதையுங்கள். குரல் நடுங்கட்டும். ஆனால் பட்டியல் மூடுமுன் கதையுங்கள். யாருடைய கதவுக்காவது போய் ஏதாவது விளங்கிவிட்டால், மூலைக்குப் போய்ப் பேனையை எடுக்காதீர்கள். படியில் திரும்ப ஏறுங்கள். என்ன நடந்தது என்று கேளுங்கள். நான் அந்த இரும்புப் படியில் மறுபடி ஏறியிருந்தால் எல்லாமாக எத்தனை படி? பதினெட்டு. பின்னர் ஒருநாள் போய் எண்ணிப் பார்த்தேன்.

போன வருடம் மண்டபச் சுவரில் அணித்தலைவர்களின் பெயர்ப் பலகை ஒன்று வைத்தார்கள், வருட வாரியாக. அந்த வருடத்துக்கு றெஜியின் பெயரையே போடுவோம் என்று புதிய சபை ஒருமனதாகத் தீர்மானித்தது. நல்ல மனத்தோடுதான். அவனுக்குச் சொல்லும்படி என்னிடம் விட்டார்கள். இந்த முறை பயப்படாமல் உடனே போன் எடுத்தேன். அவன் கேட்டுக்கொண்டிருந்தான். பின்னால் அவன் வீட்டில் யாரோ பிரெஞ்சில் கதைத்துக்கொண்டு போனார்கள்.

"வேண்டாம் அண்ணை," என்றான். "ஆடாத வருசத்துக்கு என்ர பேரைப் போடாதேங்கோ. போட்டால் அப்படியொண்டு நடக்கவே இல்லை எண்டு ஆயிடும்."

அந்த வரி இப்போதும் வெறுமையாகத்தான் இருக்கிறது. எழுத்து விழுந்துவிட்டது என்று நினைத்து உங்களில் யாரும் நிரப்பிவிடாதீர்கள்.